மைக்ரோ ஆர்.என்.ஏ. எங்கே தொலைகிறது?

கேள்வி: வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். வாவிக்கரை உவர் வயலில் எடுத்த நெல் நாற்றில், மற்ற மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்களில் ஒன்றான மைக்ரோ ஆர்.என்.ஏ. 393ஐ அளக்கப் பார்த்தேன். கொலம் கிட்டில் ஆர்.என்.ஏ. பிரித்து, ஒலிகோ டி.ரி. என்ற பிரைமர் (படியெடுப்பைத் தொடக்கும் குட்டித் துண்டு) கொண்டு சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. படி) செய்தேன். மற்ற மரபணுக்கள் பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை) நன்றாக வருகின்றன, இது மட்டும் வரவில்லை. மரபணு இயங்கவில்லையா? நிறமூர்த்தத்தில் அதன் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மரபணு இயங்கவில்லை என்ற முடிவுக்கு இப்போதே போகாதீர்கள். நாற்றில் அது இருந்தும் உங்கள் குழாய்க்கு வராமல் போயிருக்கலாம். சாதாரண கொலம் கிட்டுகள் ஏறத்தாழ 200 எழுத்துக்கு (நியூக்கிளியோட்டைடு) குறைந்த ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து வைப்பதில்லை. நீங்கள் தேடுவதோ 21 எழுத்து. கழுவும்போதே போய்விடும். ட்ரைசோல் கரைசலில் பிரித்து ஐசோப்ரொப்பனோலில் படிய வையுங்கள்.

அடுத்த சிக்கல் ஒலிகோ டி.ரி. அது பிடிப்பது ஆர்.என்.ஏ.வின் முனையில் ஏ எழுத்துகள் தொடரும் பொலி-ஏ வாலை. முதிர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு அந்த வாலே கிடையாது. கொண்டை ஊசி போல மடிந்த பிரைமர் வேண்டும். அதன் 3' முனையில் உள்ள ஆறு எழுத்துகள் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் கடைசி ஆறு எழுத்துகளோடு இணையும், மடிந்த பகுதி குட்டித் துண்டை பி.சி.ஆருக்குப் போதுமான அளவு நீட்டிக் கொடுக்கும். ஒப்பீட்டுக்கு யு6 என்ற சிறு ஆர்.என்.ஏ.வை எடுங்கள். சி.டி.என்.ஏ. செய்யும் நொதி சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயையும் மறக்க வேண்டாம்.

சரி, இடம். மிர்பேஸ் என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. தரவுத்தளத்தில் இருந்து முன்னோடித் தொடரை (முதிர்வதற்கு முன் கொண்டை ஊசியாக மடிந்திருக்கும் வடிவம்) எடுத்து நெல்லின் 12 நிறமூர்த்தங்களிலும் தேடுங்கள். 21 எழுத்தை மட்டும் வைத்துத் தேடினால் தற்செயலான பொருத்தங்களும் வரும். பொருந்திய இடத்தின் இருபுறத் தொடரையும் சேர்த்து எடுத்தால் அது கொண்டை ஊசியாக மடிகிறதா என்று பாருங்கள். மடியாவிட்டால் விட்டுவிடலாம்.

நெல்லில் 393க்கு ஏ, பி என இரண்டு மரபணுக்கள் உண்டு. இரண்டும் தரும் முதிர்ந்த வடிவம் ஏறக்குறைய ஒன்றே. அதனால் முதிர்ந்ததை அளந்து எந்த மரபணு உப்புக்கு அசைந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு ஒவ்வொன்றின் நீண்ட முன்னோடிக்கும் தனித்தனி பிரைமர் வேண்டும். அந்த முன்னோடிக்கு வால் உண்டு என்பதால் உங்கள் ஒலிகோ டி.ரி. அங்கே கைகொடுக்கும். 393 அடக்கும் இலக்கான ரி.ஐ.ஆர்.1 மரபணுவையும் கூடவே அளந்து பாருங்கள். 393 கூடும்போது அது குறைந்தால் உங்கள் முடிவு வலுப்படும்.

வயலில் நாற்றைப் பிடுங்கி வெயிலில் கொண்டுவந்தால் வாட்டத்தின் விளைவையும் உப்பின் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். நாற்றை உடனே உறையவைக்கும் திரவ நைதரசனை வயலுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், நாற்றை மண்ணோடு பெயர்த்து வந்து ஆய்வுகூடத்தில் வைத்து வெட்டுங்கள். உவர் வயல் நாற்றையும் நன்னீர் நாற்றையும் ஒரே நேரத்தில் வெட்டுவது முக்கியம்.