குரல்கள் அடங்கிய பின் வரும் சோர்வு

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா: இல்லாத குரல்கள் கேட்பது போன்றவை இதில் வரும்) உள்ளவர்களுக்கு வரும் மனச்சோர்வு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு மருத்துவ உளவியலாளர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 27 வயது. மாத்திரை தொடங்கியபின் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் நாள் முழுவதும் படுத்தே கிடக்கிறான். சோம்பேறி ஆகிவிட்டானா?

பதில்: நான் டாக்டர் அல்ல அம்மா, மாத்திரை எழுதுபவர் வேறு. 'சோம்பேறி' என்ற சொல் அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் மந்தம் காரணமாக இருக்கலாம். நோயே ஆர்வத்தை உறிஞ்சியிருக்கலாம். அப்போது முகத்தில் வெறுமை தெரியும், துக்கம் அவ்வளவாக இராது. மனச்சோர்வு என்றால், 'நான் எதற்கும் உதவாதவன்' என்பான், விடியுமுன்னே விழித்துக்கொள்வான், நடந்ததற்கெல்லாம் தன்னையே பழிப்பான். இவை ஒன்றோடொன்று குழம்புவதால்தான் கனடாவின் கால்கரி நகரில் 1990-இல் இந்த நோயில் வரும் மனச்சோர்வை அளப்பதற்கென்றே ஒன்பது அம்சங்கள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். இன்னொன்று: பலருக்குத் தெளிவு வந்த பிறகுதான் படிப்பு போனதும், கூடப் படித்தவர்களுக்குக் கல்யாணம் ஆனதும் உறைக்கிறது. அழுகை அப்போதுதான் வருகிறது.

கேள்வி: மூளைக் கோளாறுக்குப் பேச்சு எப்படி மருந்தாகும்? தம்பிக்காகக் கேட்கிறேன்.

பதில்: மாத்திரையோடு சேர்த்துத்தான், அதற்கு மாற்றாக அல்ல. அமெரிக்காவின் ஆரோன் பெக் மனச்சோர்வுக்கான சிகிச்சையால் பிற்காலத்தில் புகழ்பெற்றவர். ஆனால் அதற்கு முன்பே, 1952-இல், மனச்சிதைவு நோயாளி ஒருவரின் பொய்நம்பிக்கையை (இல்லாததை உண்மை என்றே உறுதியாக நம்புவதை) பேச்சின் மூலம் அணுகியதை எழுதினார். அந்த வழியில் வளர்ந்த, எண்ணங்களையும் நடத்தையையும் பேசிப் பார்த்து மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு (சிபிடி) பிரிட்டனின் வழிகாட்டுதல் குறைந்தது 16 அமர்வுகள் கேட்கிறது.

'நீ செத்துப்போ' என்று குரல் சொல்கிறதா? குரல் உண்டா இல்லையா என்று நாங்கள் வாதாடுவதில்லை. அதற்குக் கீழ்ப்படிந்தே ஆகவேண்டுமா, அது மிரட்டியது எப்போதாவது நடந்ததா என்று சேர்ந்து பார்ப்போம். கூடவே சின்ன வேலை ஒன்று: காலையில் பால் வாங்கி வருவது, வந்தபின் மனம் எப்படி இருந்தது என்று குறிப்பது. பலன் மிதமானதுதான். அற்புதம் நடக்கும் என்று யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: மாத்திரை மாற்றியதிலிருந்து உட்கார முடியவில்லை, கால்கள் ஓயவில்லை. செத்துவிடலாம் போல் இருக்கிறது.

பதில்: இது அடுத்த அமர்வுவரை காத்திருக்கும் விஷயம் அல்ல. இந்தத் தவிப்பு மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்ய முடியும். நீங்களாக நிறுத்தாதீர்கள், இன்றே மருத்துவரைப் பாருங்கள். தனியாக இருக்காமல் வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கோயிலுக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. நெரிசலும் ஒலிபெருக்கியும் இல்லாத நேரமாகப் பாருங்கள். மாத்திரை பையில் இருக்கட்டும்.