ஸ்லோ குக்கர்ல ஏசியன் ஸ்டைல் பீஃப் ரோஸ்ட்: கேள்வி பதில்

ஸ்லோ குக்கர்ல (கரண்ட்ல மெதுவா வேக வைக்கிறது, பிரஷர் குக்கர் இல்ல) செய்யிற பீஃப் ரோஸ்ட் பத்தி நெறய பேர் கேட்டிருக்கீங்க, ஒண்ணொண்ணா வரேன். கீழ சொல்றது எல்லாம் இந்த அளவ வச்சுத்தான்: ஒரே துண்டா ஒன்றரை கிலோ கறி, சோயா சாஸ் கால் கப், தண்ணி அரை கப், பிரவுன் சுகர் 3 டேபிள்ஸ்பூன், அரிசி வினிகர் 2 டேபிள்ஸ்பூன், பூண்டு 6 பல், விரல் நீளத்துக்கு இஞ்சி, அன்னாசிப்பூ 2, வெங்காயம் 2. குக்கர் லோ செட்டிங்ல 8லேர்ந்து 9 மணி நேரம்.

கே: அக்கா எந்த கறி வாங்கணும்? கொழுப்பே இல்லாத தொடக்கறியா பாத்து வாங்கினேன், சாஸ்லயே கெடந்தும் உள்ள வறவறன்னு இருக்கு.

ப: கொழுப்பில்லாம பாத்து வாங்குனதுதான் காரணம். தோள்பட்ட பக்கத்து கறி கேளுங்க, பாக்கெட்னா சக் ரோஸ்ட்னு போட்டிருக்கும். நெறய வேல செஞ்ச தசை அது, வெட்டுன பக்கத்த பாத்தா வெள்ளையா ஜவ்வும் கொழுப்பும் கோடு கோடா ஓடும். அந்த ஜவ்வுல இருக்குற கொலாஜன் 70 டிகிரி செல்சியஸ தாண்டின அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா ஜெலட்டினா கரைய ஆரம்பிக்கும், கறிக்கு அந்த வழவழப்பு, சாஸ் உதட்டுல ஒட்டுறது எல்லாமே அதுலேர்ந்து வர்றதுதான். தொடக்கறில இது ரொம்ப கம்மி, நார்ல இருக்குற தண்ணி வெளிய போயிட்டா ஈடுகட்ட உள்ள ஒண்ணும் கெடையாது. பிரிஸ்கெட், அதாவது நெஞ்சுக்கறி, கெடச்சாலும் நல்லாருக்கும்.

கே: 6 மணி நேரம் லோ-ல வச்சேன், ரப்பர் மாதிரி இருக்கு. ஓவரா வெந்துருச்சா?

ப: இல்ல தம்பி, இன்னும் வேகல. நெறய பேர் இங்கதான் பயந்து ஆஃப் பண்ணிர்றாங்க. முழு துண்டு கறி 63 டிகிரி வந்து 3 நிமிஷம் அப்படியே இருந்தாலே சாப்பிட பாதுகாப்புதான், ஆனா பிச்சு பிச்சு வர்ற பதத்துக்கு நடுவுல 90லேர்ந்து 95 வரைக்கும் போகணும். தெர்மாமீட்டர் இல்லன்னா ஃபோர்க்க நடுவுல குத்தி ஒரு திருகு திருகுங்க, நார் தானா பிரிஞ்சா ஆச்சு, கறி முழுசா ஃபோர்க்கோட சேந்து சுத்துச்சுன்னா மூடிட்டு இன்னொரு மணி நேரம் விடுங்க. நடுநடுவுல சும்மா திறந்து பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் போன சூடு திரும்ப 20, 30 நிமிஷம் ஆயிரும்.

கே: முதல்ல கடாய்ல வறுக்கணுமா, நேரா போட்டுரலாமா? வறுத்தா சாறு உள்ளயே நின்னுரும்னு சொல்றாங்களே.

ப: சாறு நிக்கும்ங்கறது சும்மா பேச்சு, வறுத்தாலும் தண்ணி வெளிய வரத்தான் செய்யும். ஆனாலும் வறுங்க, ருசிக்காக. ஸ்லோ குக்கர் உள்ள எல்லாம் ஈரம், அதுல கறி செவக்கவே செவக்காது. கறிய நல்லா துடச்சிட்டு காஞ்ச கடாய்ல பக்கத்துக்கு 3, 4 நிமிஷம் விடுங்க, அப்புறம் அந்த அரை கப் தண்ணிய கடாய்லயே ஊத்தி அடில ஒட்டுனத சொரண்டி அதையும் சேத்து குக்கர்ல ஊத்துங்க. நேரமே இல்லன்னா நேரா போட்டுருங்க, கெட்டுலாம் போகாது.

கே: சாஸ் தண்ணியா வருதுக்கா, சப்புன்னு இருக்கு. சோயா சாஸ் கூட்டணுமா?

ப: கூட்டவே கூட்டாதீங்க. என்ன கேட்டா இந்த டிஷ்ல அசல் வேலையே கடைசி 20 நிமிஷந்தான், 8 மணி நேரம் மெஷின் பாத்துக்குது, அப்புறம் நாமதான் பாக்கணும். மூடி இறுக்கமா இருக்குறதால ஆவி வெளிய போகாது, கறியும் வெங்காயமும் அதுபாட்டுக்கு தண்ணி விடும், அதனால அரை கப் ஊத்துனது ரெண்டு கப்புக்கு பக்கத்துல வந்து நிக்கும். கறிய எடுத்து தட்டுல மூடி வச்சிட்டு, சாஸ வடிகட்டி, மேல மெதக்குற கொழுப்ப கரண்டியால எடுத்துட்டு, அகலமான கடாய்ல பெரிய தீயில கொதிக்க விடுங்க. மொதல்ல பொடிப்பொடியா நுரைக்கும், வத்த வத்த குமிழி பெருசாகி மெதுவா ஒடையும், கரண்டி பின்பக்கம் விரலால கோடு போட்டா கோடு அப்படியே நிக்கணும், அதான் பதம். உப்பும் கூடவே ஏறும், அதான் ஆரம்பத்துல சோயா கால் கப்போட நிறுத்தினேன். அவசரம்னா ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார பச்சத்தண்ணில கரச்சு ஊத்துங்க, கெட்டியாகும், ஆனா ருசி அடர்த்தி வராது.

கே: கோச்சுஜாங் (கொரியன் மிளகா விழுது), ஹாய்சின் (சைனீஸ் இனிப்பு சாஸ்), மீன் சாஸ், லெமன்கிராஸ் எல்லாமே வீட்ல இருக்கு. எல்லாத்தையும் போடலாமா?

ப: ஐயோ வேணாம். ஏதாவது ஒரு ஊர் வழியா போங்க. கொரியன்னா கோச்சுஜாங், துருவின பேரிக்கா. வியட்நாம்னா லெமன்கிராஸ், மீன் சாஸ், அன்னாசிப்பூ, பட்டை, அவங்க ஊர் மாட்டுக்கறி குழம்பு போ கோ இப்படித்தான் இருக்கும். சைனீஸ்னா டார்க் சோயா கொஞ்சம் கலருக்கு, ஷாவ்ஷிங் வைன் (அரிசில செய்யிற சமையல் வைன்), காஞ்ச ஆரஞ்சு தோல். எல்லாத்தையும் கொட்டுனா எதோட ருசியும் தெரியாது. எதுவா இருந்தாலும் அன்னாசிப்பூ ரெண்டுக்கு மேல போனா மருந்து வாசன அடிக்கும்.

கே: நல்லெண்ணெய் எப்ப ஊத்தணும்?

ப: இதுக்கு வேணுங்கறது வறுத்த எள்ளுல எடுத்த கரும்பழுப்பு எண்ணெய், மணமே வேற. அடுப்ப அணச்ச பெறகு ஒரு டீஸ்பூன். முன்னாடியே ஊத்துனா 8 மணி நேரத்துல மணம் பூரா போயிரும்.

கே: முந்தின நாளே இஞ்சி பூண்டு அரச்சு தடவி வைக்கலாமா?

ப: பூண்டு ஓகே. பச்ச இஞ்சில புரதத்த ஒடைக்கிற என்சைம் இருக்கு, ராத்திரி பூரா ஊறுனா மேல்பக்கம் மாவா கொழகொழன்னு ஆயிரும். ஃப்ரிட்ஜ்ல 2 மணி நேரம் போதும், இல்ல சமைக்கும்போது வட்டமா நறுக்கி போடுங்க.

கே: ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து அப்படியே போடலாமா மேடம்?

ப: கூடாது. குக்கர் மெதுவா ஏறுற மெஷின், ஒறஞ்ச கறி 4லேர்ந்து 60 டிகிரிக்கு நடுவுல ரொம்ப நேரம் கெடக்கும், பாக்டீரியா பெருகுறது அங்கதான். முந்தின நாளே ஃப்ரிட்ஜ்ல எறக்கி வைங்க.

கே: கேரட், முள்ளங்கி போட்டா வேகவே மாட்டேங்குது.

ப: மேல தூவிருப்பீங்க. பெரிய துண்டா நறுக்கி அடில பரப்பி அதுமேல கறிய வைங்க. குடமிளகா, பீன்ஸ்லாம் கடைசி அரை மணி நேரம்.

கே: கோதும ஆகாதவங்களுக்கு?

ப: சாதாரண சோயா சாஸ்ல கோதும உண்டு. தமாரி வாங்குங்க, அது ஜப்பான் சோயா சாஸ், பெரும்பாலும் கோதும இல்லாம வரும், அதுலயும் க்ளூட்டன் ஃப்ரீனு போட்டிருக்கான்னு பாருங்க. ஹாய்சின், ஆய்ஸ்டர் சாஸ் லேபிளும் படிச்சிருங்க.

கே: மிச்சத்த மறுநாள் குக்கர்லயே சூடு பண்ணலாமா?

ப: பண்ணாதீங்க, சூடாக ரொம்ப நேரம் எடுக்கும். சமைச்ச 2 மணி நேரத்துக்குள்ள சின்ன டப்பால மாத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க, 3, 4 நாள் தாங்கும். மறுநாள் கொழுப்பு மேல கெட்டியா நிக்கும், கரண்டியால ஒரே தடவையில எடுத்துரலாம். நார் ஓடுற திசைக்கு குறுக்க வெட்டி, சாஸோட கடாய்ல நல்லா கொதிக்க விட்டு எறக்குங்க.