வாசகர் கேள்வி – பதில்: பாலைவனத்துல நெல்லு மூட்டை எண்ணுற மாதிரி…

கேள்வி: என் பையன் அக்ரி படிக்கிறான். சீனாவுல பாலைவனத்துக்கு நடுவுல ஆத்துத் தண்ணி பாய்ச்சி பயிர் வைக்கிற இடத்துல, அதே வயல்ல வருஷக்கணக்கா விளைச்சலை எடை போட்டு எழுதிட்டே வர்றாங்களாம். நல்லா விளையுதுன்னு தெரிஞ்சா போதாதா, எதுக்கு இத்தனை வருஷம்? – ஒரு வாசகி, பாகூர்

பதில்: பையன் சொன்னது நிஜம்தாங்க. கான்சு மாகாணத்துல லின்சேன்னு ஒரு ஊர், அங்க சீன அறிவியல் கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் 1975ல இருந்து இருக்கு. வருஷத்துக்கே மழை சராசரியா 120 மில்லிமீட்டர்தான் இருக்கும், நம்ம பக்கம் ஒரு புயல் அன்னிக்கு ஒரே நாள்ல கொட்டிட்டுப் போற அளவுதான் அது. சிலியன் மலையில பெய்யற மழையும் உருகுற பனியும் ஹெய்ஹெ ஆறா இறங்கி வருது, அந்தத் தண்ணியை வாய்க்கால்ல திருப்பி மக்காச்சோளமும் கோதுமையும் விளைவிக்கிறாங்க, வாய்க்கால் எட்டாத இடத்துல மணல் மேடு.

அங்க விளைச்சலை மட்டும் பாத்தா நல்லாத்தான் தெரியும், ஏன்னா புது ரகம் வருது, உரம் கூடுது, ஷீட்டு விரிச்சு ஈரம் காக்கறாங்க, அதனால மண்ணு கெட்டுட்டு வந்தாலும் மூட்டை குறையாது, அடியில நடக்கறது பத்து பதினஞ்சு வருஷ கணக்கைச் சேர்த்து வச்சுப் பாத்தாதான் வெளிய வரும். ஹெய்ஹெ கதையே அதுக்கு சாட்சி. மேல இருந்தவங்களே தண்ணியை எடுத்துக்கிட்டதால ஆறு போய்ச் சேர்ற கிழக்கு ஜுயான் ஏரி 1992ல வறண்டே போச்சு, அப்புறம் 2000ல இருந்து கீழ இத்தனை விடணும்னு பங்கு வச்சு, 2002ல ஏரிக்கு மறுபடி தண்ணி போய்ச் சேந்துச்சு. சரி, ஆனா ஆத்தோட நடுப்பகுதியில இருந்த விவசாயிங்க, வாய்க்கால் தண்ணி குறைஞ்சதும் போர் போட்டு இறைச்சாங்க, பயிர் பொழைச்சுது, நிலத்தடி நீர் இறங்கிடுச்சு. களத்துல மூட்டையை மட்டும் எண்ணியிருந்தா இது தெரிஞ்சே இருக்காதுங்க. அதான் விளைச்சலோட சேத்து தண்ணி எத்தனை பாய்ச்சினோம், கிணத்துல மட்டம் என்ன, மண்ணுல உப்பு எவ்வளவுன்னு எல்லாத்தையும் எழுதறது.

உப்பு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. தண்ணியில, மண்ணுல உப்பு எவ்வளவுன்னு மின்சாரம் கடத்தறதை வச்சுச் சொல்ற அளவுதான் ஈசி. ஈசி 1 இருக்கற தண்ணின்னா லிட்டருக்கு சுமார் 640 மில்லிகிராம் உப்பு, குடிச்சா பெருசா கரிக்காது. அந்தத் தண்ணியை ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்துல 500 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினா, மொத்தம் 20 லட்சம் லிட்டர், அதுல கிட்டத்தட்ட 1,300 கிலோ உப்பு. தண்ணியைப் பயிர் குடிச்சிடும், மீதி ஆவியாப் போயிடும், உப்பு மட்டும் வயல்லயே தங்கிடும். அங்க கழுவ மழை இல்ல. நமக்கு ஐப்பசி கார்த்திகை அடைமழை கழுவி விடுது, வடிகால் அடைபடாம இருந்தா. ஆனா கடலோரத்துல போர்த் தண்ணி கரிக்க ஆரம்பிச்சவங்க சும்மா இருந்துடக் கூடாது, மண்ணு ஈசி 3ஐத் தாண்டினா அதுக்கு மேல ஒவ்வொரு 1க்கும் நெல்லு விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும்னு கணக்கு இருக்கு.

கேள்வி: இப்படி ஒரே வயல்ல வச்சுப் பாக்கற வேலை நம்ம நாட்டுல உண்டா? – ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: உண்டு, அதுவும் நம்ம கோயம்புத்தூர்லயே. வேளாண் பல்கலைக்கழகத்துல நிரந்தர உரப் பரிசோதனை 1909ல ஆரம்பிச்சது. இங்கிலாந்துல ரோத்தம்ஸ்டட்ல கோதுமை வயல் ஒண்ணு 1843ல இருந்து நடக்குது. சீனாவுல லின்சே மாதிரி நிலையங்களை ஒரே வலையமைப்பா இணைக்க ஆரம்பிச்சது 1988லதான்.

கேள்வி: எங்க அப்பா நோட்டுல வருஷா வருஷம் காணிக்கு இத்தனை மூட்டைன்னு எழுதி வச்சிருக்காரு. அது போதுமா? – ஒரு வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: அருமையான நோட்டுங்க அது, ஆனா மூட்டைங்கறது அளவு இல்ல. ஒரு காணியில 3,000 கிலோ விளைஞ்சா 75 கிலோ சாக்குல 40 மூட்டை, 60 கிலோ சாக்குல 50 மூட்டை, சாக்கு மாறின வருஷத்துல விளைச்சல் ஏறின மாதிரி தெரியும்.

போன தை மாசம் பாகூர் பக்கம் பயிர் அறுவடைப் பரிசோதனை பண்றதை நின்னு பாத்தேன். அவங்களா நல்ல இடமா பாத்து எடுக்கல, குலுக்கல் மாதிரி வந்த எண்ணை வச்சு வரப்புல இருந்து காலடி எண்ணி உள்ள போயி, முளைக்குச்சி அடிச்சு, கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் போட்டாங்க. கயித்துக்கு வெளிய வேர் இருந்தா அந்தத் தூரை விட்டுட்டாங்க, உள்ள இருக்கறதை மட்டும் அறுத்து, தார்ப்பாய்ல அடிச்சு, பதர் தூத்தி, தராசுல தொங்க விட்டாங்க. 14 கிலோ வந்துச்சுன்னு வைங்க, காணி சுமார் 5,350 சதுர மீட்டர், இந்தச் சதுரம் 25, அதனால காணிக்கு 214ஆல பெருக்குங்க, அதான் மேல சொன்ன 3,000 கிலோ.

நீங்களும் சம்பா அறுப்புக்கு மிஷின் இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு இடத்துல இப்படி அறுத்துடுங்க, ஈரத்தோட எடை போட்டா கூடத்தான் காட்டும், அதனால காய வச்சு எடை போடுங்க. ரகம், நட்ட தேதி, உரம், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடிச்சு, கோடையில போர்ல தண்ணி எத்தனை அடியில நின்னுச்சுன்னு பக்கத்துலயே எழுதிடுங்க. அப்புறம் ஒரு நாள் அப்பா கூட உக்காந்து, பழைய பக்கத்துல இருக்கற மூட்டை எத்தனை கிலோ, அது என்ன ரகம்னு கேட்டு ஓரத்துல குறிச்சு வச்சிடுங்க, அதை வேற யாராலயும் சொல்ல முடியாது.