திரை இருண்டாலும் விளக்கு எரிகிறதா? லினக்ஸ் பின்னொளி டிரைவர்: கேள்வி பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், திரைக்குப் பின்னால் எரியும் விளக்கான பின்னொளியைக் கையாளும் டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பல ஆண்டுகளாக ஆலை இயந்திரங்களின் கட்டுப்பாட்டுத் திரைகளுக்கு டிரைவர் எழுதிவருகிறேன். கேட்டவர்களில் பலர் ஒளியின் அளவையும் மின்சாரத்தையும் ஒன்றாகவே எண்ணிக் குழம்பியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு.

கேள்வி: வணக்கம் அக்கா. 'பிரைட்னஸ்' கோப்பில் 0 எழுதினால் என் மடிக்கணினித் திரை முழுதாக இருண்டுவிடுகிறது. நண்பனுடையதில் மங்கலாகத் தெரிகிறது. எது சரி?

இரண்டையும் தவறென்று சொல்ல முடியாது. ஒளி அளவு 0 என்றால் விளக்கு அணைய வேண்டுமா, மிகக் குறைவாக எரிய வேண்டுமா என்பதில் எல்லா டிரைவர்களும் ஒரே வழியில் போவதில்லை. அதனால் 0 எழுதி அணைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் தம்பி. அணைப்பதற்கென்றே பக்கத்தில் 'பிஎல்_பவர்' என்ற கோப்பு இருக்கிறது. அதில் 0 எழுதினால் எரியும், 4 எழுதினால் அணையும். தலைகீழாகத் தோன்றும் இந்த எண்கள் பழைய பிரேம்பஃபர் (திரையில் காட்டும் படத்தை வைக்கும் நினைவகம்) காலத்தில் வந்தவை. அங்கே 0 என்பது 'திரையை மறைக்காதே', 4 என்பது 'மின்சாரத்தை நிறுத்து'. இடையில் உள்ள 1, 2, 3 அந்தக் காலத்தின் மிச்சங்கள். புதிய நிரலில் அவற்றைத் தொடாதீர்கள்.

கேள்வி: சொந்தமாக ஒரு பின்னொளி டிரைவர் எழுதியிருக்கிறேன். ஒளியை மாற்றக் கர்னல் அழைக்கும் 'அப்டேட்_ஸ்டேட்டஸ்' செயற்கூற்றில் ஒளி அளவைப் படித்துச் சிப்புக்கு அனுப்புகிறேன். திரை ஓய்வுக்குப் போனாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

பயனர் கடைசியாகக் கேட்ட அளவை அப்படியே எடுத்து அனுப்புகிறீர்கள். திரை ஓய்வுக்குப் போகும்போது அந்த எண் மாறாது, மாறவும் கூடாது. 120-இல் வைத்திருந்தவருக்குத் திரை விழிக்கும்போது அதே 120 திரும்பக் கிடைக்க வேண்டும் அல்லவா? நேரடியாகப் படிப்பதற்குப் பதில் 'பேக்லைட்_கெட்_பிரைட்னஸ்' என்ற உதவிச் செயற்கூற்றை அழையுங்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தாலோ கணினி உறக்கத்தில் இருந்தாலோ அது 0 தரும். 0 வந்தால் அணையுங்கள், இல்லையென்றால் அந்த அளவை அனுப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனை போதும்.

கேள்வி: எங்கள் மின்சுற்றுப் பலகையில் 7 அங்குலப் பேனல் (திரைத் தகடு). இயக்கும்போதெல்லாம் ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிட்டு, பிறகுதான் படம் வருகிறது. பேனல் பழுதா?

பேனலைக் குறை சொல்லாதீர்கள். இதே பளிச்சிடல் என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. ஒரு நெசவு ஆலைக்கான கட்டுப்பாட்டுத் திரை அது. பேனல் விற்றவர்கள் தந்த மாதிரி நிரலை நம்பி அப்படியே எடுத்துவைத்திருந்தேன். கடைசியில், மின் அலைகளை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பின் ஒரு முனையைப் பின்னொளியின் இயக்குக் காலிலும் (விளக்கைப் போட்டு அணைக்கும் மின்முனை), மற்றொன்றைப் படத்தரவின் கடிகாரக் கம்பியிலும் வைத்தேன். விளக்கு முதலில் எரிந்தது. படத்தரவு வெகுநேரம் கழித்துத்தான் புறப்பட்டது. அந்த இடைவெளியில் பேனலுக்குக் காட்ட ஒன்றுமில்லை. வெறும் வெள்ளையைக் காட்டியது. டிரைவர் பதிவாகும் நொடியிலேயே அந்த மாதிரி நிரல் விளக்கைப் போட்டுவிட்டிருந்தது.

ஏற்றும்போது முதலில் பேனலுக்கு மின்சாரம், அடுத்து படத்தரவு, கடைசியில் விளக்கு. இறக்கும்போது முதலில் விளக்கு, பிறகுதான் மற்றவை. ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனை மில்லிவினாடி என்பது பேனலின் தரவுத்தாளில் நேர வரைபடமாக இருக்கும். தாளில் மற்ற பக்கங்களைத் தள்ளினாலும் அந்தப் பக்கத்தைத் தள்ளாதீர்கள்.

இந்த வரிசையைக் கர்னலே காக்கும். டிவைஸ் ட்ரீயில் (பலகையிலுள்ள வன்பொருளை விவரிக்கும் கோப்பு) பேனலுக்குள் பின்னொளியைச் சுட்டிக்காட்டி, பேனல் டிரைவரில் 'டிஆர்எம்_பேனல்_ஆஃப்_பேக்லைட்' அழைத்துவிட்டால், பேனல் இயங்கிய பிறகு விளக்கு எரியும். பேனல் நிற்பதற்கு முன் அணையும். 'பேனல்-சிம்பிள்' டிரைவர் என்றால், முதல் நல்ல படம் வரும் வரைக்குமான தாமதத்தை அதன் 'எனேபிள்' தாமதத்தில் எழுதுங்கள். இன்னொன்று: இப்படிச் சுட்டிக்காட்டப்பட்ட பின்னொளியை, கர்னலை ஏற்றும் நிரலான பூட்லோடர் அணைத்தே வைத்திருந்தால், பிடபிள்யூஎம் (விளக்கை வேகமாக எரித்து அணைத்து ஒளியைக் கூட்டிக் குறைக்கும் முறை) பின்னொளி டிரைவரும் அதை அணைந்த நிலையிலேயே விட்டு, பேனல் டிரைவருக்காகக் காத்திருக்கும். சுட்டு இல்லையென்றால் தானே ஏற்றிவிடும். உங்கள் டிவைஸ் ட்ரீயில் அந்த ஒற்றை வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: திரை கறுப்பாகவே இருக்கிறது. படம் வரவில்லையா, விளக்கு எரியவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் நிழல்போலத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் இல்லை. அதன் பிறகு மல்டிமீட்டரை எடுத்து ரெகுலேட்டர் (மின்சாரத்தைச் சீராகத் தரும் பாகம்), இயக்குக் கால் என்று வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். சாப்ட்வேரைக் கிளறுவது அதற்கும் பிறகுதான்.

கேள்வி: ஒளிச் சறுக்கியின் கீழ்ப் பாதியிலேயே எல்லா மாற்றமும் முடிந்துவிடுகிறது. மேல் பாதியில் நகர்த்தினால் வித்தியாசமே தெரியவில்லை.

கண் ஒளியை நேர்கோட்டில் அளப்பதில்லை. கண் உணரும் வெளிச்சத்தைக் கணக்கிடும் சிஐஇ 1931 சூத்திரத்தின்படி, பாதி வெளிச்சம் என்று கண் உணர்வதற்கு உண்மையான ஒளி சுமார் 18 சதவீதமே போதும். நீங்கள் 50 சதவீதத் துடிப்பை (பாதி நேரம் எரிவதை) பாதி என்று வைத்தால், கண்ணுக்கு அது ஏறக்குறைய முக்கால் வெளிச்சம்போலத் தோன்றும். பிடபிள்யூஎம் டிரைவரில் 'பிரைட்னஸ்-லெவல்ஸ்' பட்டியலைக் கொடுக்காமல் விட்டாலே, டிரைவர் இந்தச் சூத்திரத்தைக் கொண்டு தானே பட்டியல் போட்டுக்கொள்ளும். கையால் எழுதிய பட்டியல்களைவிட அது நன்றாக இருக்கிறது என்பது என் அனுபவம்.

கேள்வி: குறைந்த ஒளியில் கண் வலிக்கிறது. பிடபிள்யூஎம் துடிப்பின் காலஅளவு 5000000 என்று இருக்கிறது. கூட்டலாமா?

குறைக்க வேண்டும். அது நானோவினாடிக் கணக்கு. 5000000 என்றால் வினாடிக்கு 200 துடிப்பு. சிலருடைய கண் அதைத் தாங்காது. 50000 வைத்தால் 20 கிலோஹெர்ட்ஸ். ஆனால் அப்போது 1 சதவீத ஒளிக்குத் துடிப்பின் அகலம் வெறும் 500 நானோவினாடி. உங்கள் எல்இடி சிப் அவ்வளவு குறுகிய துடிப்பை ஏற்குமா என்று அதன் தரவுத்தாளில் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: ஓஎல்இடி திரைக்கும் பின்னொளி டிரைவர் வேண்டுமா?

அதில் பின்னொளியே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். ஆனாலும் பயனருக்கு அதே சறுக்கி வேண்டும் என்பதால், பேனல் டிரைவர்கள் பின்னொளிச் சாதனமாகவே பதிவுசெய்து, ஒளி அளவைப் பேனலுக்குக் கட்டளையாக அனுப்புகின்றன.

கேள்வி: அணைப்பதற்காக பிடபிள்யூஎம்மை நிறுத்தினேன். விளக்கு அணைவதற்குப் பதில் முழு வெளிச்சத்தில் எரிகிறது!

பிடபிள்யூஎம்மை நிறுத்திவிட்டால் அந்தக் கால் எந்த நிலையில் நிற்கும் என்பதற்குக் கர்னல் உறுதி தருவதில்லை. சில சிப்பில் தாழ்ந்து நிற்கும், சிலவற்றில் உயர்ந்து நிற்கும், சிலவற்றில் மிதக்கும். உங்கள் பலகையில் உயர்ந்து நிற்கிறது. அதனால் அணைக்கும்போது பிடபிள்யூஎம்மை ஓடவிட்டபடியே துடிப்பை 0 ஆக்குங்கள். மின்சாரத்தை இயக்குக் காலாலோ ரெகுலேட்டராலோ துண்டியுங்கள். பலகையில் இவ்விரண்டும் இல்லையென்றால், கால் மிதக்கும் நேரத்தில் தாழ்ந்து நிற்பதற்காக அந்தக் காலுக்கும் தரைக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் போடச் சொல்லி ஹார்ட்வேர் குழுவிடம் இன்றே கேளுங்கள். பலகை அச்சுக்குப் போன பிறகு கேட்டால் பச்சைக் கம்பியைக் கையால் பற்றவைக்க வேண்டியிருக்கும்.