ரசம் கொதிக்கிறது, வாசத்தைக் காணோம்

தேனியிலிருந்து ஒரு வாசகி: ஐயா, முன்பெல்லாம் நாலு தக்காளியைக் கரைத்து ரசம் வைத்தால் தெருவுக்கே மணக்கும். இப்போது வாங்கும் பழம் பளபளவென்று இருக்கிறது, ஒரு வாரம் ஆனாலும் அழுகுவதில்லை. ஆனால் வாசமே இல்லை. மருந்து அடிப்பதாலா? விதையில் ஏதாவது செய்துவிட்டார்களா? என் வீட்டுக்காரரோ, "உன் மூக்கில்தான் கோளாறு" என்கிறார்.

உங்கள் மூக்கை அப்புறம் கவனிப்போம் அம்மா, முதலில் பழம். தெருவுக்கே மணந்த ரசத்தில் பாதிப் புகழ் பெருங்காயத்துக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விதையில் ஏதோ நடந்திருப்பது உண்மை. ஆனால் யாரும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வாசத்தை உருவி எடுக்கவில்லை. மரபணு மாற்றிய தக்காளி நம் நாட்டுச் சந்தைக்கே வந்ததில்லை. நடந்தது வேறு. நான் முப்பது வருடம் ரகத் தேர்வுத் திடல்களில் குனிந்து நின்றவன். ஒரு தராசு, ஒரு ஸ்கேல், இனிப்பு பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், ஒரு பதிவேடு. செடிக்கு எத்தனை காய், காய் எத்தனை கிராம், தோல் எவ்வளவு தடிமன், இலைச்சுருட்டை வந்ததா, பெட்டியில் அடுக்கினால் நசுங்குகிறதா என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருந்தது. வாசத்துக்குக் கட்டம் இல்லை. விவசாயிக்குக் காசு எடைக்குத்தானே! ஒட்டன்சத்திரம் சந்தையில் பழத்தை மோந்து பார்த்து விலை சொன்ன வியாபாரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. கனமாகக் காய்க்கிற செடியை ஒவ்வொரு தலைமுறையிலும் பொறுக்கிக்கொண்டே போனோம். வாசத்துக்கான மரபணுக்கள் போகிற போக்கில் உதிர்ந்துவிட்டன. அந்தப் பொறுக்கலில் என் கையும் உண்டு.

இதை எண்ணிக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹாரி க்ளீயும் அவருடைய கூட்டாளிகளும். காட்டு ரகம், பாட்டன் காலத்து ரகம், இன்றைய ரகம் என்று 398 தக்காளிகளின் மரபணுத் தொகுப்பைப் படித்து, பல ரகங்களை ஆட்களுக்குத் தின்னவும் கொடுத்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். சுவைக்குக் காரணமான வாசப் பொருள்களில் 13, இன்றைய ரகங்களில் வெகுவாகக் குறைந்திருந்தன.

ஒரு பழத்தை எடுத்துக் குறுக்கே வெட்டி உடனே மூக்கருகே கொண்டுபோங்கள். புல்லை அறுத்தது போல ஒரு பச்சை வாசம் வரும். வெட்டுவதற்கு முன் அது அநேகமாகப் பழத்துக்குள் கிடையாது. கத்தி பட்டு செல்கள் உடைந்ததும் ஒரு நொதி (என்சைம்) அங்குள்ள கொழுப்பைத் துண்டாக்குகிறது, அந்தத் துண்டுகள்தான் வாசம். இதற்கு வேண்டிய ஒரு நொதிக்கான மரபணுவின் பெயர் டாம்லாக்ஸ்-சி. மரபணுவுக்கு முன்னால் 'எப்போது, எவ்வளவு வேலை செய்' என்று உத்தரவிடும் பகுதி ஒன்று இருக்கும். 725 தக்காளிகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், இந்த உத்தரவுப் பகுதியின், வாசத்துக்கு உதவும் ஓர் அரிய வடிவம் அகப்பட்டது. தென் அமெரிக்காவில் குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் காய்க்கும் காட்டுத் தக்காளிச் செடிகளில் 90 சதவீதத்துக்கு மேல் அது இருக்கிறது. பழைய தோட்ட ரகங்களில் வெறும் 2 சதவீதம்! வேடிக்கை என்னவென்றால், புது ரகங்களில் அது 7 சதவீதம் அளவுக்குத் திரும்பியிருக்கிறது. நோய் எதிர்ப்புக்காகக் காட்டுச் செடியோடு கலந்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

ஆகவே பழசெல்லாம் மணக்கும், புதுசெல்லாம் மணக்காது என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நாட்டுத் தக்காளிக் காயில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு வளையம் இருக்கும். நாங்கள் அதைப் பச்சைத் தோள் என்போம். அண்ணஞ்சி நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம்-1இல் அதைப் பார்க்கலாம். வெளிநாட்டு ரகங்களில் ஒரு மரபணு பழுதாகி அந்த வளையம் இல்லாமல் போனது. காய் சீராக வெளுத்து ஒரே மாதிரி சிவந்ததால் எல்லாரும் அந்தப் பழுதை விரும்பிச் சேர்த்துக்கொண்டார்கள். 2012இல்தான் தெரிந்தது, அந்தப் பச்சைதான் காய் சொந்தமாகச் சர்க்கரை சமைக்கும் அடுப்பு என்று. பழம் பார்க்க அழகாக வர வேண்டும் என்று அடுப்பை அணைத்திருக்கிறோம்.

நீங்கள் சொல்லும் வாரக்கணக்கில் அழுகாத பழத்தில் வேறொரு கதையும் இருக்கலாம். நாள்பட வைத்திருக்கும் ஹைபிரிட்கள் சிலவற்றில், பழுப்பதைத் தடுக்கும் ஒரு மரபணுவைத் தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து மட்டும் வருமாறு கொடுத்திருப்பார்கள். பழம் மெதுவாகக் கனியும். அதே சுவிட்சில்தான் வாசமும் ஓடுகிறது, அதுவும் மெதுவாகிவிடும். செங்காயாகப் பறித்து லாரியில் ஏற்றுவது இதற்கு மேல் வரும் கோளாறு.

சரி, உங்கள் வீட்டுக்காரர் வழக்கு. தக்காளியில் பீட்டா-அயோனோன் என்று ஒரு பொருள் உண்டு, பூ வாசம் தருவது. அதை உணரும் மூக்கு ஏற்பியின் மரபணுவில் ஓரிடம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு இது நன்றாகத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. ஒரே பழத்தை மோந்துவிட்டு நீங்கள் இருவரும் வேறு வேறு சொன்னால் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அடுத்த மாதம் பழத்தை விட்டுவிட்டு மூக்கைப் பற்றிச் சண்டை போடாதீர்கள்.

சென்னையிலிருந்து: தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வைக்காதீர்கள். 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த பழத்தில் வாச மரபணுக்கள் பல மங்கிவிடுவதை 2016இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். டி.என்.ஏ. மீது ஒட்டும் சிறு வேதிப் பூட்டுகளுக்கு அதில் பங்கு உண்டு. வெளியே எடுத்து மூன்று நாள் வைத்தும் வாசம் பழையபடி திரும்பவில்லை. சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறுவதில்லை, அதனால் நாக்குக்கு உடனே தெரியாது. வெள்ளைத் துணி விரித்து, காம்பு கீழே பார்க்க அடுக்கி வையுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: இமாம் பசந்த் கொட்டை போட்டு ஒன்பது வருடம் வளர்த்தேன். பழம் நார், மணமும் வேறு. நர்சரியில் ஏமாற்றிவிட்டார்களா?

கொட்டை நீங்கள் போட்டது, நர்சரிக்காரரை விடுங்கள். நம் மாம்பழங்களில் பெரும்பாலானவற்றில் கொட்டைக்குள் ஒரே கரு. அது பக்கத்து மரத்து மகரந்தமும் சேர்ந்து பிறந்த பிள்ளை, தாயின் நகல் இல்லை. நீலத்தையும் தசேரியையும் கலந்தால் மல்லிகா; இரண்டையும் தாய் தந்தை மாற்றிப் போட்டால் ஆம்ரபாலி. பெற்றோர் அதே இருவர்தான், பழம் இரண்டும் வேறு. வாசத்துக்கு டஜன் கணக்கில் மரபணுக்கள் கூடி வேலை செய்கின்றன, சீட்டைக் கலைத்துப் போட்டால் அதே கை மறுபடி விழுமா? அதனால்தான் ஒட்டுக்கன்று. மரத்தை வெட்ட வேண்டாம். ஒட்டுக் கட்டிப் பழகிய ஆளைக் கூப்பிட்டு, அதன் கிளைகளிலேயே நல்ல இமாம் பசந்த் குச்சியை ஒட்டச் சொல்லுங்கள். வேர் வலுவாக இருக்கிறது, சீக்கிரம் காய்க்கும்.

சிங்கப்பூரிலிருந்து: டுரியான் ஏன் இப்படி நாறுகிறது? என் பேத்தி கேட்கிறாள்.

உங்கள் ஊர்க்காரர்களே 2017இல் கண்டுபிடித்துவிட்டார்கள். கந்தக வாசத்தைக் கிளப்பும் ஒரு நொதியின் மரபணு டுரியானில் பல பிரதிகளாகப் பெருகிக் கிடக்கிறது. பழம் பழுக்கும்போது அவை சேர்ந்து வேலை செய்கின்றன. காட்டில் யானையையும் குரங்கையும் தூரத்திலிருந்தே கூப்பிட அந்தக் கந்தகம் பயன்படுகிறது என்று நினைக்கிறார்கள். எம்.ஆர்.டி. ரயிலில் அதற்கு ஏன் தடை என்று பேத்திக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.