லு ஆவ்ரில் என்ன இருக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஒரு வார இறுதியில் நானும் என் சிநேகிதியும் பாரிஸிலிருந்து லு ஆவ்ர் போய் வந்தோம். யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். அவள் இப்போது லண்டனில். பல வருடங்களுக்குப் பிறகு சந்திப்பதால் கடலோர நகரம் ஒன்றுக்குப் போகலாம் என்று நான்தான் ஊரைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கத் தொடங்கியதுமே அவள் முகம் வாடிவிட்டது. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரியான சாம்பல் நிறப் பெட்டிகள். கடற்கரையில் மணல்கூட இல்லை, கூழாங்கல்தான். “சென் மாலோவுக்குப் போயிருக்கலாம், அதுதான் உண்மையான பழைய ஊர், இது நேற்றுக் கட்டினது” என்றாள். மறுநாள் எத்ரெத்தா பாறைகளையும் ஓன்ஃப்ளூரையும் பார்த்தோம். அங்கே அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனாலும் எங்களுக்குள் ஏதோ ஒரு கசப்பு தங்கிவிட்டது. இந்தப் பயணத்தைக் கட்டுரையாக எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

என் கேள்விகள்: பயணத்துக்கு நண்பர்களோடு போவது நல்லதா, தனியாகப் போவதா? பயணக் கட்டுரையில் சாப்பாடு, செலவு விவரங்கள் வேண்டுமா? புகைப்படங்கள் இல்லாவிட்டால் யாராவது படிப்பார்களா?

க.

அன்புள்ள க.,

கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, செலவு எல்லாம் உங்கள் இஷ்டம். புகைப்படத்தை நம்பி எழுதாதீர்கள், அவ்வளவுதான். தனியாகவா நண்பரோடா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உடனே பதில் எழுதக் காரணம் வேறு. எங்கள் ஊரில் பழைய வீடுகளைக் காப்பது பற்றிச் சமீபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பேசிய எல்லோரும் கல்லுக்கும் தேக்குக்கும் சுண்ணாம்புக்கும் உயிர் உண்டு, கான்கிரீட்டுக்குக் கிடையாது என்றார்கள். கைதட்டலும் கிடைத்தது. அப்போது எனக்கு ஞாபகம் வந்த ஊர் லு ஆவ்ர். அங்கே சொல்ல வாய்ப்பில்லை. அந்த வாரமே உங்கள் கடிதம் வந்துவிட்டது.

உங்கள் கட்டுரையில் எத்ரெத்தாவுக்கு நான்கு பக்கம், லு ஆவ்ருக்கு ஒரே பக்கம். அந்த ஒரு பக்கத்திலும் ஊர் ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. “சாம்பல் நிறப் பெட்டிகள்” என்று எழுதிவிட்டு எப்படி அம்மா அடுத்த பஸ்ஸில் ஏற முடிந்தது உங்களால்?

நேற்றுக் கட்டின ஊர் இல்லை அது. ஸேன் ஆறு கடலில் சேரும் இடத்தில் 1517ல் முதலாம் பிரான்சுவா மன்னர் துறைமுகத்துக்காக உண்டாக்கியது. ஓவியர் மோனே சிறுவனாக வளர்ந்த ஊர். பூதேன் என்ற மூத்த ஓவியர் அவரை வெட்டவெளிக்குக் கூட்டிப்போய் வானத்தைப் பார்த்து வரையப் பழக்கியது இங்கேதான். இந்தத் துறைமுகத்தின் விடியலை மோனே 1872ல் வரைந்தார். இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணியின் பெயரே அந்தப் படத்தின் தலைப்பிலிருந்துதான் வந்தது. நார்மண்டி என்ற பெருங்கப்பல் 1935ல் நியூயார்க்குக்குத் தன் முதல் பயணத்தைத் தொடங்கியதும் இங்கிருந்துதான்.

அந்த ஊருக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில், 1944 ஆகஸ்ட் 25ல் பாரிஸ் விடுதலையாகிவிட்டது. அங்கே மக்கள் தெருவில் ஆடிக்கொண்டிருந்த நாட்களில் லு ஆவ்ர் இன்னும் ஜெர்மானியர் கையில் இருந்தது. முற்றுகையிட்ட பிரிட்டிஷ் படையிடம் ஜெர்மன் தளபதி, பொதுமக்களை வெளியேற விடுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். செப்டம்பர் 5, 6 தேதிகளில் பிரிட்டிஷ் விமானங்கள் ஊரின் நடுவில் குண்டு போட்டன. அந்த மாதக் குண்டுவீச்சில் ஏறக்குறைய 2,000 பொதுமக்கள் செத்தார்கள். விடுவிக்க வந்தவர்களின் குண்டில் செத்தார்கள் என்பதை மறக்காமல் படியுங்கள். செப்டம்பர் 12ல் ஊர் விடுதலை ஆனபோது 12,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இல்லை. ஏறத்தாழ 80,000 பேருக்கு வீடில்லை. நீங்களும் சிநேகிதியும் அலுத்துக்கொண்டே நடந்த தெருக்கள் எல்லாம் அந்த இடம்தான்.

திரும்பக் கட்டும் பொறுப்பு ஒகுஸ்த் பெரேயிடம் வந்தது. அப்போது எழுபதைத் தாண்டிய கட்டடக் கலைஞர். பின்னாளில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லு கொர்புசியே இளம் வயதில் வேலை பழகியது இவருடைய அலுவலகத்தில். வேலை 1945ல் தொடங்கி 1964 வரை நடந்தது. பெரே 1954லேயே இறந்துவிட்டார். கூட இருந்தவர்கள் முடித்தார்கள். ஊரின் நடுப்பகுதி முழுவதற்கும் 6.24 மீட்டர் என்ற ஒரே அளவுதான். தூணுக்குத் தூண் அதே இடைவெளி. உங்கள் ஒரே மாதிரிப் பெட்டிகளின் ரகசியம் இதுதான். ஒரே அளவு என்றால் வார்ப்பு அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், வேகமாகக் கட்டலாம். வருடக்கணக்காக மரக் கொட்டகைகளில் குடும்பம் நடத்தியவர்களுக்கு வேகம்தான் முதலில் வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கே அது பிடிக்கவில்லை. கடலோர ஸ்டாலின்கிராட் என்று ஏசினார்கள். பிறந்து வளர்ந்த தெரு போன கோபம் அது, அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது. வார இறுதிக்கு வந்து போகிறவர்களுக்கு இல்லை. 2005ல் யுனெஸ்கோ இந்த நடுப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்காகப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை, பட்டியல்களில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

இப்போது சென் மாலோவுக்கு வருகிறேன். உங்கள் சிநேகிதியின் அந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்க விடவில்லை. சென் மாலோ எரிந்தது அதே 1944ல், லு ஆவ்ருக்குச் சில வாரங்கள் முன்னால், ஆகஸ்ட் மாதம். மதிலுக்குள் இருந்த ஊரில் பெரும்பகுதி சாம்பல். மதில் தப்பியது, கோட்டை தப்பியது. இன்று மதிலுக்குள் பார்க்கிற கருங்கல் வீடுகளில் பெரும்பாலானவை போருக்குப் பிறகு எழுந்தவை. தெருக்களைக்கூட அங்கங்கே அகலப்படுத்தினார்கள். அவள் சொன்ன “உண்மையான பழைய ஊர்” லு ஆவ்ரின் வயதுதான். இரண்டும் ஒரே கோடையில் செத்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் திரும்ப எழுந்த ஊர்கள்.

சென் மாலோக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். போன ஊரின் முகம் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், கட்டிக்கொண்டார்கள், அழகாகவே கட்டினார்கள். நான் சண்டை போடுவது பார்க்கிறவர்களோடு. பழைய முகத்தைப் போட்டுக்கொண்டால் வரலாறு உண்டு, புது முகத்தோடு எழுந்து நின்றால் வரலாறு இல்லை என்கிறார்களே, அது பெரிய அநியாயம். லு ஆவ்ர் தன் காயத்தை மறைக்கவில்லை. இங்கே எல்லாம் போயிற்று என்பதை ஒவ்வொரு தூணும் சொல்கிறது. அந்த நேர்மைக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டாமா?

உங்கள் இருவருக்கும் இதை நான் விளக்க வேண்டியிருப்பதுதான் வருத்தம். 1981ல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைப் பின்னாளில் பழைய வடிவிலேயே எழுப்பியபோது, எரிந்ததை அப்படியே சாட்சியாக விட்டு வேறு இடத்தில் கட்டுங்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எரிந்த ஊரை எப்படித் திரும்பக் கட்டுவது என்பது உங்கள் வீடுகளில் சாப்பாட்டோடு பேசப்பட்ட விஷயமாக இருந்திருக்கும். உங்களைத்தவிர வேறு யார் லு ஆவ்ரைச் சரியாகப் பார்க்க முடியும்?

நான் அங்கே போனது கோவைப் பக்கத்துக் கட்டடப் பொறியாளர் ஒருவரோடு. நெடுநாள் நண்பர். சென்ட்ரிங், ஜல்லி, கம்பி என்றே ஆயுளைக் கழித்தவர். பாரிஸில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மழை. நான் மோனேக்காக மியூசியத்துக்குப் போக நினைத்திருந்தேன். அவர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். தடவினார், குனிந்து பார்த்தார், சுற்றி வந்தார். “சார், இதுக்குப் பூச்சே கிடையாது” என்றார். நம் ஊரில் சென்ட்ரிங் பிரித்ததும் கான்கிரீட்டில் ஓட்டையும் ஒழுங்கீனமும் தெரியும். கலவை பூசி, பெயின்ட் அடித்து மறைத்துவிடுவோம். இங்கே மேலே படிந்த சிமெண்ட் தோலைச் சுத்தியலால் கொத்தி எடுத்து, உள்ளே இருக்கிற ஜல்லியை வெளியே காட்டியிருக்கிறார்கள். ஓரங்களை மட்டும் மழமழவென்று விட்டிருக்கிறார்கள். ஜல்லியின் நிறம்தான் தூணின் நிறம். “தப்புப் பண்ணினா மறைக்க வழியே இல்லை. முதல் சட்டியிலிருந்து யோக்கியமா வேலை செஞ்சிருக்கணும்” என்றார். அதன் பிறகு அவரோடு தூண் தூணாக நடந்தேன். ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று மணல் நிறம், ஒன்று லேசான மஞ்சள். மழையில் நனைந்தால் நிறம் இன்னும் கூடுகிறது. சாம்பல் நிறம் என்று நீங்கள் எழுதியது அண்ணாந்து தூரத்திலிருந்து பார்த்ததால். கிட்டப் போய்ப் பார்க்கவே இல்லை நீங்கள்.

சென் ஜோசஃப் தேவாலயத்துக்கு உள்ளே போனீர்களா? கட்டுரையில் “ஒரு கோபுரம்” என்று மட்டும் இருக்கிறது. 107 மீட்டர் உயரம், முழுக்கக் கான்கிரீட். குண்டுவீச்சில் செத்தவர்களின் நினைவுக்கும் சேர்த்துக் கட்டியது. உள்ளே நடுவில் நின்று நிமிர்ந்தால் உச்சி வரை வெறும் வெளி. சுவர்களில் 12,768 கண்ணாடித் துண்டுகள். மார்கரித் ஹுரே என்ற பெண் கலைஞரின் வேலை. புனிதர் உருவம் ஒன்றுகூடக் கிடையாது, வெறும் நிறங்கள்தான். எந்தத் திசைச் சுவருக்கு எந்த நிறம் என்று யோசித்து வைத்திருக்கிறார். அதனால் காலையில் ஒரு ஒளி, சாயங்காலம் வேறு ஒளி. மோனே ஒளியைத் துரத்திய ஊரில் இப்படி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் வெளியே நின்று கோபுரம் என்று எழுதுகிறீர்கள்!

மாதிரி வீடு ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். 1950களின் சாமான்களோடு அப்படியே இருக்கிறது, வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம். சூடான காற்றில் கதகதப்பாகும் அறைகள், வீட்டோடு சேர்ந்த சமையலறை, குப்பை போட ஒரு குழாய். தரையிலிருந்து கூரை வரை நெட்டுக்கு நிற்கும் ஜன்னல்கள். மனிதன் நிமிர்ந்து நிற்கிறவன், ஜன்னலும் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது பெரேயின் கட்சி. அகலவாட்டு ஜன்னல்தான் நவீனம் என்ற தன் பழைய உதவியாளர் கொர்புசியேயோடு இதற்காகவே அவர் வாதாடியிருக்கிறார். கொட்டகையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து முதல் நாள் ஜன்னலைத் திறந்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அப்புறம் பெட்டி என்று எழுத உங்களுக்குக் கை வராது.

சரி, தனியாகவா நண்பரோடா? தனியாகப் போயிருந்தால் எனக்கு அந்தத் தூண்கள் கிடைத்திருக்காது. ஆனால் நண்பரோடு போனால் இரண்டு பேரும் பார்க்க வேண்டும். உங்கள் பயணத்தில் அவள் முகம் வாடியதும் நீங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவளைச் சந்தோஷப்படுத்தும் வேலையில் இறங்கிவிட்டீர்கள். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். கசப்பு அங்கிருந்து வந்தது, ஊரிலிருந்து வரவில்லை. பல வருடம் பிரிந்திருந்த இரண்டு பேர் முதல் சந்திப்பில் ஒருவரை ஒருவர் இப்படித்தான் பயந்து பயந்து உபசரிப்பார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

கட்டுரையை இப்போது வெளியிட வேண்டாம். அவளை மறுபடி கூப்பிட்டு ஒரு வார இறுதியைச் சென் மாலோவுக்கும், இன்னொன்றை லு ஆவ்ருக்கும் கொடுங்கள். மதில் மேல் நடக்கும்போது 1944ஐ அவளிடம் சொல்லுங்கள். சண்டை வந்தால் வரட்டும், உபசாரத்தைவிடச் சண்டை நல்லது. லு ஆவ்ரில் மாதிரி வீட்டுக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள். பாரிஸின் சென் லசார் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம்தான், காலை ரயிலைப் பிடித்தால் தேவாலயத்தில் கிழக்கு வெளிச்சமும் கிடைக்கும், மேற்கு வெளிச்சமும் கிடைக்கும். திரும்பி வந்து எழுதியதை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.