மூன்றாம் நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாகப் படிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருப்பதால் இப்போது எழுதுகிறேன்.

நானும் கணவரும் கோவையில் வேலை பார்க்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. கல்யாணமான பதினோரு வருடத்தில் முதல்முறையாகப் பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு மூன்று நாள் கும்பகோணம் போனோம். நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் பார்ப்பதாகத் திட்டம். லாட்ஜ், வாடகைக் கார், எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள் என்று எல்லாவற்றையும் நான்தான் எழுதி வைத்திருந்தேன். இரண்டு நாளில் ஆறு கோயில் முடிந்தது. மூன்றாம் நாள் காலை கார் வந்து நின்றதும் கணவர், “மீதி மூணையும் இன்னொரு தடவை பாத்துக்கலாமே. இன்னைக்குச் சும்மா இருப்போம்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் என்ன தோன்றியதோ, சரி என்றுவிட்டேன்.

டிரைவருக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு டவுன் பஸ்ஸில் தாராசுரம் போனோம். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும் சிற்பத்தின் முன்னால், ஒரு பக்கத்தைக் கையால் மூடுவதும் எடுப்பதுமாக இருவரும் விளையாடினோம். அவிநாசியில் சுந்தரர் முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்ட காட்சியை அவர் எங்கோ ஓரத்தில் கண்டுபிடித்து, “ஏய், நம்ம ஊரு” என்று கத்தினார். மதியம் இலைச் சாப்பாடு. லாட்ஜுக்கு வந்து நான்கு மணி வரை தூங்கினோம். நான் பகலில் தூங்கி எத்தனையோ வருடம் ஆகிறது. சாயங்காலம் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். ஒரே கடையில் இரண்டு தடவை காபி குடித்தோம். ராத்திரி பஸ் ஏறிவிட்டோம். அவ்வளவுதான்.

நான்கு மணிக்குக் கண் விழித்தபோதுதான் காலையிலிருந்து பிள்ளைகளுக்குப் போன் செய்யவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. நினைக்கவே இல்லை என்பதும். வீட்டுக்கு வந்ததும் மகள், “எங்க நெனப்பாவே இருந்தீங்களாம்மா?” என்று கேட்டாள். “ஒவ்வொரு நிமிஷமும், கண்ணு” என்றேன். அந்தப் பொய் உறுத்துகிறது. “பிள்ளைகளை விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ” என்று நாத்தனாரும் சொல்லிவிட்டார். நான் செய்தது தப்பா?

எஸ்.

---

அன்புள்ள எஸ்.,

உங்கள் நாத்தனாருக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. பாட்டி வீட்டில் மூன்று நாள் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அந்த மூன்று நாளை உங்களுக்குக் கொடுத்த உங்கள் அம்மாவுக்குப் புடவை ஏதாவது வாங்கிக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். அப்படி ஓர் அம்மா பக்கத்தில் இல்லாமல், பதினைந்து வருடமாகச் சேர்ந்தாற்போல் ஒரு சினிமாகூடப் பார்க்காத தம்பதிகளை எனக்குத் தெரியும்.

மகளிடம் நீங்கள் சொன்ன பொய்யைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். அதற்கு முன் தாராசுரம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி. வழியில் போகிறவரைக்கூட அது நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைத்துவிடும். ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் கழித்து இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரம் அப்படி யாரையும் நிறுத்தாது. அங்கே நாமாக நின்றால்தான் உண்டு. நாயன்மார் கதைகளைச் சன்னதியின் வெளிப்புறத்தில், கீழே, சின்னஞ்சிறு கட்டங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து, சில இடங்களில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே நகர வேண்டும். நான் அந்தக் கோயிலுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். முதல் மூன்று முறையும் என் பையன்கள் கூட இருந்தார்கள். தேர் மண்டபத்தின் சக்கரத்தையும் குதிரையையும் காட்டினேன், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், கிளம்பினோம். நீங்கள் சொல்லும் முதலையை நான்காவது முறைதான் பார்த்தேன். உங்கள் கணவர் முதல் முறையிலேயே கண்டுபிடித்துவிட்டார். அன்று அவருக்கு யாரையும் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் கண் அது போக்கில் போயிருக்கிறது.

முதல் இரண்டு நாள் உங்களுக்கு இது கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். கோயில்களில் குறை ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே சாப்பிடுவது, செருப்பை எங்கே விடுவது, நடை சாத்துவதற்குள் போய்ச் சேருவோமா என்று நீங்கள் வீட்டில் செய்யும் அதே வேலையைத்தான் கும்பகோணத்திலும் செய்திருக்கிறீர்கள். பள்ளி வேனுக்குப் பதில் வாடகைக் கார். பிள்ளைகள் மட்டும்தான் இல்லை. உங்கள் கோபம்கூட எனக்குப் புரிகிறது. கையிலிருந்த தாளை ஒருவர் வாங்கிக் கிழித்தது போல இருந்திருக்கும். அந்தத் தாள் போன பிறகுதான் உங்களுக்குப் பகலில் தூக்கம் வந்திருக்கிறது.

என் அம்மா அப்பாவுக்கும் இப்படி ஒரு நாள் இருந்தது.

2004 டிசம்பரில் சுனாமி வந்த வாரம். திருச்சி வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். தரங்கம்பாடியைக் காட்டினார்கள். கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் திரையில் வந்ததும் அம்மா, “இதுக்குப் பக்கத்துல நானும் உங்கப்பாவும் ஒரு நாள் பூரா உக்காந்திருந்தோம்” என்றாள். அப்பா இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர்கள் இருவரும் தரங்கம்பாடிக்குப் போனதே எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். 1977இல் மாயவரத்தில் ஒரு கல்யாணம். எங்கள் மூன்று பேரையும் அத்தையிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. கல்யாணம் முடிந்த மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். பையும் கையுமாக மாயவரம் ஸ்டேஷனுக்கு வந்து நின்ற அப்பா, திருச்சிக்கு டிக்கெட் எடுக்காமல் தரங்கம்பாடிக்கு எடுத்துவிட்டார். அந்த ஊருக்கு அப்போது ரயில் உண்டு. 1926இல் போட்ட பாதை, எண்பதுகளில் நிறுத்திவிட்டார்கள். முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும், வயல்களுக்கு நடுவே ஆடி ஆடிப் போகும் என்பாள் அம்மா. அங்கே போய் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைச் சுற்றி வந்து, வேகவைத்த கடலை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்தில்தான் டிவியில் பார்த்த அந்தக் கோயில், பாண்டியர் காலத்தது. முன்பகுதியைக் கடல் அப்போதே கொண்டுபோயிருந்ததாம். விழுந்து கிடந்த கற்கள் மேல் அலை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, தனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததையும், தாத்தா அனுப்ப மறுத்துவிட்டதையும், அந்த அட்மிஷன் கார்டை இன்னும் வைத்திருப்பதையும் அப்பா சொல்லியிருக்கிறார். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு அது அன்றுதான் தெரியும்.

ஊருக்கு வந்ததும் எங்களிடம், “கல்யாண வீட்டுல இன்னொரு நாள் இருக்கச் சொல்லிட்டாங்க” என்று சொன்னார்களாம். உங்களைப் போலவே, பிள்ளைகள் வருத்தப்படக் கூடாது என்று சொன்ன பொய்தான். எனக்கு அந்த ஒரு நாள் அத்தை வீட்டில் எப்படிப் போனது என்றுகூட நினைவில்லை. அதில் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் அந்தப் பொய்யால் என் அப்பாவை எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் காலேஜில் சேர்ந்த அன்று அவர் வாசல்வரை வந்தார். உள்ளே வரச் சொன்னபோது மறுத்துவிட்டு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டார். அவருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்று பல வருடம் நினைத்திருந்தேன். அவரும் அம்மாவும் எதற்காகவோ சேர்ந்து இருக்கிறார்கள், ரேஷனும் ஃபீஸும்தான் அவர்கள் பேச்சு என்றும் நினைத்திருந்தேன். மணலில் உட்கார்ந்து கடலை கொறித்தபடி பேசும் இரண்டு பேராக அவர்களை ஒருமுறையாவது நான் கற்பனை செய்து பார்த்ததில்லை. அந்தக் கார்டை அப்புறம் வீடு முழுக்கத் தேடினோம். கிடைக்கவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு வருகிறேன். போனதில் தப்பு இல்லை. ஒரு பகல் முழுக்கப் பிள்ளைகள் நினைவு வராததிலும் தப்பு இல்லை. அவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று உங்கள் உடம்புக்கே தெரிந்திருந்ததால்தான் நான்கு மணி வரை தூங்கியிருக்கிறீர்கள். ஆனால் அந்த “ஒவ்வொரு நிமிஷமும்” என்பதை மட்டும் திருத்திவிடுங்கள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அது பெரிய பாரம். நாளைக்கு அவள் எங்காவது போய்ச் சந்தோஷமாக இருந்துவிட்டு வந்து, அம்மாவை நினைக்கவில்லையே என்று உங்களைப் போலவே உறுத்தலோடு நிற்பாள்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அந்தக் காளையையும் யானையையும் பற்றிச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தை மூடினால் எது தெரியும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லி உங்கள் கணவரிடம் கொடுங்கள். கோயிலில் அவர் கத்தியதை அவர் மாதிரியே கத்திக் காட்டுங்கள். “என்னை ஏன் கூட்டிட்டுப் போகல?” என்று நிச்சயம் கேட்பாள். அன்றைக்கு அப்பாவும் நானும் மட்டும் இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு என்று சொல்லுங்கள்.